தேதி போட்ட ஐம்பது வரி

அழகுராஜாவைப் பற்றி நான் முதலில் எழுதியது ஒரே ஒரு வரிதான். அதையும் ஆங்கிலத்தில், கரும்பலகையில் எழுதினேன். நாற்பத்தொரு பிள்ளைகள் அதைப் பார்த்து ஆளுக்கு ஐம்பது தடவை எழுதினார்கள். பெருக்கிப் பார்த்தால் இரண்டாயிரத்து ஐம்பது வருகிறது. அத்தனை தடவை எழுதப்பட்ட மனிதரைப் பற்றி ஒரு தடவையாவது ஒழுங்காக எழுத வேண்டும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் தங்கச்செல்வி. வீடு பாளையம்பட்டியில். திருச்சுழிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஆங்கில ஆசிரியை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி என்று நினைக்கிற ஊரில் வாத்தியார் வேலை பார்க்க வாய் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் இப்போது செல்லுபடியாவதில்லை.

ஆங்கிலத்தில் எழுவாய்க்கு ஏற்றபடி வினை மாறும். நம் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. அவன் வந்தான், அவள் வந்தாள், அப்பா வந்தாக என்று மூன்று வயதிலேயே மாற்றி மாற்றிப் பேசுகிற பிள்ளைகள்தான். ஆனால் ஆங்கிலத்தில் வருகிற அந்த ஒற்றை 'எஸ்' மட்டும் ஒன்பதாம் வகுப்பு வந்தும் இவர்கள் கையில் தங்காது. ஹி கோ, ஷி ஈட் என்றுதான் எழுதுவார்கள். ஒரு தடவை ஒரு பெண், அப்பாவுக்கும் நாய்க்கும் ஒரே எஸ்ஸா டீச்சர், மரியாதைக்குத் தனியாக ஒன்று கிடையாதா என்று கேட்டாள். கிடையாது என்று சொன்னேன். வகுப்பே வருத்தப்பட்டது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். புத்தகத்தில் இருக்கிற ஜானும் மேரியும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டுவதில்லை. அதனால் உள்ளூர் ஆட்களையே உதாரணமாகப் போடுவேன். டீக்கடை ஐயாத்துரை மேக்ஸ் டீ. திருச்சுழி பஸ் கம்ஸ் லேட். ஆடுகள் ஈட் எவ்ரிதிங். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்த வரி மறக்காது. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், பிரமாதமான முறை என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். தலைக்கனம் வேறெங்கிருந்து வரும்?

இன்னொன்றிலும் நான் கறார். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாத பக்கத்துக்கு டிக் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

போன வருஷம் ஜூலை மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். முக்கால்வாசிப் பேர் எஸ்ஸை விட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவர்கள் சாகிற வரை மறக்காத ஒரு வரியைப் போடுகிறேன் பார் என்று சாக்பீஸை எடுத்தேன். அப்போது என் கண்ணில் பட்டவள் மூன்றாவது பெஞ்சில் இருந்த சுகப்பிரியா. அவளுடைய அப்பா அழகுராஜா ஜூன் மாதம் ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் குடித்துவிட்டு வேட்டி விலகிக் கிடந்ததை நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்திருந்தேன். பாதி வகுப்பும் பார்த்திருந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சுகப்பிரியாஸ் ஃபாதர் டிரிங்க்ஸ் எவ்ரி டே என்று எழுதினேன். கடைசி எஸ்ஸுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் எதிர்பார்த்த சிரிப்புதான். அது அடங்குவதற்குள் சுகப்பிரியா எழுந்து நின்றாள்.

“டீச்சர், எங்க அப்பா இப்பக் குடிக்கிறதில்ல டீச்சர். கயிறு கட்டியிருக்காக.”

நான் அந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்திருக்கலாம். பெயரை அழித்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வரிகளை அழித்தவள்தானே நான்? ஆனால் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது, அதை விட எனக்கு மனசு வரவில்லை.

“அப்படியா? 'டஸ் நாட்' பாடம் நாளைக்குத்தான். நாளைக்கு உங்க அப்பா குடிக்காம இருக்கட்டும். இன்னைக்குக் குடிக்கட்டும்.”

முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். சுகப்பிரியா உட்கார்ந்தாள். எல்லோரும் ஐம்பது தடவை எழுதி வரச் சொன்னேன். அவளும் எழுதி வந்தாள். குண்டு குண்டான அழகான எழுத்து, ஒரு இடத்திலும் எஸ் விடவில்லை. அவள் நோட்டில் வெரி குட் போட்டேன். மறுநாள் டஸ் நாட் பாடம் நடத்தும்போது அவள் அப்பா என் நினைவிலேயே இல்லை. மழை பெய்யவில்லை, பஸ் வரவில்லை என்று எழுதிப் போட்டு முடித்துவிட்டேன்.

அழகுராஜா யார் என்பது அதற்கு ஒரு வருஷம் கழித்து, அவர் மனைவி சந்தனம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் நாலு வருஷத்துக்கு ஒரு வருஷம் கொத்தமல்லி விளையும், மற்ற வருஷங்களில் சீமைக்கருவேல் தானாக விளையும். அதனால் அவர் கரிமூட்டம் போடுகிறவர் ஆனார். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, தழை போட்டு மூடி, மேலே மண்ணைப் பூசித் தீ வைப்பார்கள். உள்ளே தீ எரியக் கூடாது, கனிய வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் மொத்த விறகும் சாம்பலாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் அந்த மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, புகை கிளம்புகிற இடத்தில் ஈர மண்ணை அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். புகையிலும் சூட்டிலும் நின்று உடம்பு முறிந்து போகும். உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்ததுதான், பிறகு வலி இல்லாத நாளிலும் குடித்தார். குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை என்று சந்தனம்மாள் சொன்னார். விழுந்துவிடுவார், அவ்வளவுதான். இரண்டு மூட்டம் அப்படிச் சாம்பலானது.

பஸ் நிறுத்தத்தில் அவர் விழுந்து கிடந்த அன்று சுகப்பிரியாவும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு வந்திருக்கிறாள். தோழிகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு அப்பாவின் வேட்டியைச் சரி செய்துவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் யாரோ இதை அவரிடம் சொல்ல, மூன்று நாள் வாயில் ஊற்றாமல் கிடந்துவிட்டு, ஊர் எல்லையில் இருக்கிற முனியசாமி கோயிலுக்குப் போயிருக்கிறார். எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் அப்படிப் போவது வழக்கம். குளித்து ஈர வேட்டியோடு நின்று சாமி முன்னால் சத்தியம் செய்தால் பூசாரி வலது கை மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். கட்டிய கையால் குடியைத் தொட்டால் சாமி சும்மா விடாது என்பது நம்பிக்கை. பாதிப் பேர் ஒரு மாதத்தில் அவிழ்த்துவிடுவார்கள். அழகுராஜா அவிழ்க்கவில்லை. குடிக்கத் தோன்றுகிற காலை நேரத்தில் ஐயாத்துரை டீக்கடைக்குப் போய் டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு மூட்டத்துக்குப் போவதை வழக்கமாக வைத்துக்கொண்டார்.

இனி நடந்தது எங்கள் ஊர்களில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து.

மே மாதம் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் பழைய நோட்டுகளைக் கடையில் எடைக்குப் போட்டு சேமியா ஐஸ் வாங்கித் தின்பார்கள். கடைக்காரர்கள் தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவார்கள். வடை மடிக்க, எண்ணெய் துடைக்க அதுதான். இது எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமாக நான் சிவப்பு மை போட்ட தாளில்தான் நானே பக்கோடா தின்கிறேன். ஆனால் அந்த வரியும் அதே கம்பிக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் காலை ஐயாத்துரை மடித்துக் கொடுத்த வடைத் தாளில் அழகுராஜா தன் மகள் பெயரைப் பார்த்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மகளின் அடையாள அட்டையில் பார்த்துப் பார்த்து அந்தப் பெயர் மட்டும் அவருக்கு அத்துபடி. தாள் முழுக்க, வரிக்கு வரி மகள் பெயர். கம்பியில் தொங்கிய அடுத்த தாளிலும் அதே பெயர், எழுத்து மட்டும் வேறு. மற்ற பிள்ளைகளெல்லாம் தன் மகள் பெயரை எழுதுகிற அளவுக்கு அவள் என்னவோ பெரிதாகச் செய்திருக்கிறாள், டீச்சர் பாராட்டி எழுதச் சொல்லியிருக்கிறார் என்று அவர் நினைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாலிடெக்னிக் பையன் உதயகுமாரிடம் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். அவனும் வாசித்துவிட்டான். பாதி சொல்லும்போதே அவனுக்கு நாக்குக் குழறியதாம்.

எழுத உட்கார்ந்த நாளிலிருந்து இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன். அவமானம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், பெருமையோடு தாளை நீட்டிய அந்தக் கை என்றுதான் சொல்வேன். நீட்டிய கையில் கயிறு இருந்திருக்கும்.

அவர் யாரோடும் சண்டை போடவில்லை. கம்பியில் இருந்த தாளையெல்லாம் உருவிக்கொண்டு வீட்டுக்குப் போய் மகளின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அவள் தன் நோட்டை எடைக்குப் போடவில்லை. குண்டு எழுத்தில் ஐம்பது வரி, கீழே என் வெரி குட். நீயும் இதை எழுதினாயா, அப்பா குடிப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையா என்று கேட்டிருக்கிறார். சுகப்பிரியா தலையைக் குனிந்து நின்றாளே தவிரப் பதில் சொல்லவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம், மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே நாங்கள் ஆறு பேர் இருந்தோம், தலைமை ஆசிரியரும் இருந்தார். மஞ்சப்பையிலிருந்து எண்ணெய் ஊறிய தாள்களை எடுத்து என் மேஜையில் வைத்தார். எல்லாத் தாளிலும் என் கையெழுத்து.

“நான் சண்டைக்கு வரல டீச்சர். குடிச்சவனத்தான் எழுதியிருக்கீக. ஆனா மேல தேதி இருக்கு பாருங்க. அன்னைக்கு எனக்குக் கயிறு கட்டி இருபத்திமூணு நாளு.”

நான் தேதியைப் பார்த்தேன். நான் கறாராகப் போடச் சொன்ன தேதி.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எம்மகளும் எழுதியிருக்கு. அப்பா குடிக்கிறதில்லன்னு அது உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?”

அவர் கேட்டது அது ஒன்றுதான். என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, வரியை அழிக்கச் சொல்லவில்லை. தான் கட்டிய கயிற்றைத் தன் மகள் நம்பினாளா இல்லையா என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பதில் எனக்குத் தெரியும். அவள் எழுந்து நின்றது, அவள் சொன்னது, நான் சொன்ன பதில், எல்லாம் அந்த நிமிஷம் அப்படியே நினைவுக்கு வந்தது. சொன்னாள் என்று நான் சொன்னால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். ஆறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஞாபகம் இல்லைங்க. நாப்பது பிள்ளைக இருக்கிற வகுப்பு. யாரு என்ன சொன்னான்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

அவர் தாள்களை என் பக்கமே நகர்த்தி வைத்தார். சரிங்க டீச்சர், வாரேன் என்று சொல்லிவிட்டு வெறும் பையை மடித்துக்கொண்டு போனார். தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் ஊர் உதாரணங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு மத்தியானம் நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வாரம் சுகப்பிரியா மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஐயாத்துரை என்னைப் பார்த்துச் சொன்னார். அழகுராஜா முனியசாமி கோயிலுக்குப் போய்த் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்துச் சாமி காலடியில் வைத்துவிட்டுக் குடிக்கப் போயிருக்கிறார். கயிற்றோடு குடிக்கிற ஆளில்லை. யாருக்காகக் கட்டினேனோ அந்தப் பிள்ளையே நம்பவில்லை, பிறகு சாமிக்கு மட்டும் எதற்கு என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு வருஷம் நிறைய நாலு நாள்தான் பாக்கி. ஐயாத்துரை என்னைக் குற்றம் சொல்லவில்லை. டீ குடிக்கிறீங்களா டீச்சர் என்றுதான் கேட்டார். என்னால் அந்தக் கம்பியைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் மூட்டத்துக்குப் போனேன். ரோட்டிலிருந்து அரை மைல் முள்ளுக்குள் நடக்க வேண்டும். சந்தனம்மாள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு புகை கிளம்பிய இடத்தில் மண் அப்பிக்கொண்டிருந்தார். சுகப்பிரியா குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். வெட்டு வேலைக்கு வந்த இரண்டு பேர் இருந்தார்கள். அழகுராஜா ஒரு வேம்படியில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்துத் தடுமாறினார். அந்த நிலையிலும் டீச்சருக்கு எழுந்து நிற்கிற மனிதர்.

நான் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அழகாக அடுக்கி வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

“நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க மக சொன்னா. எங்க அப்பா இப்பக் குடிக்கிறதில்ல, கயிறு கட்டியிருக்காகன்னு சொன்னா. நான்தான் அவளக் கேலி பண்ணி உக்கார வச்சேன். அன்னைக்கு ஆறு பேரு முன்னால சொல்ல வெக்கப்பட்டு மறைச்சுட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. குடத்தோடு நின்ற மகளைப் பார்த்தார்.

“எந்திரிச்சு நின்னா சொல்லுச்சு?”

“ஆமா. எந்திரிச்சு நின்னு.”

“எல்லாப் பிள்ளைகளும் இருக்கையிலயா?”

“எல்லாரும் இருக்கையிலதான்.”

கரி படிந்த இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சந்தனம்மாள் மண்ணை அப்புவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் மூட்டம் போய்விடும். அழகுராஜா கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர். ஒரு வருசம் காப்பாத்துன கயிறு போச்சே.”



ஏன் நீயே அப்பாவிடம் சொல்லவில்லை என்று சுகப்பிரியாவைத் தனியாகக் கேட்டேன். சொன்னேன் என்று சொன்னால் டீச்சர் அதற்கு என்ன சொன்னார்கள் என்று அப்பா கேட்பார், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றாள். பதினான்கு வயதுப் பெண்ணும் நானும் ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறோம். அவள் அப்பாவுக்காக மறைத்தாள், நான் எனக்காக மறைத்தேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, டஸ் நாட் போட்டு அந்த வரியைத் திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன். அதில்கூட நான் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசை இருந்திருக்கிறது, அவளுக்கு அது புரிந்திருக்கும்.

“போர்டுல எங்கப்பா பேரு வேண்டாம் டீச்சர்.”

பெயர் இல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டேன். பிள்ளைகள் பரவாயில்ல டீச்சர் என்றார்கள். பிள்ளைகள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். ஊர் ஆட்களை உதாரணம் காட்டுவதை விட்டுவிட்டேன். ஜானும் மேரியும் திரும்ப வந்துவிட்டார்கள், எஸ் மறுபடி கையில் தங்குவதில்லை. போகட்டும்.

அழகுராஜா ஆடி மாதம் மறுபடி கயிறு கட்டினார். இந்த முறை சுகப்பிரியாவும் கூடப் போயிருக்கிறாள். உங்களைப் பற்றித் தமிழில் எழுதப் போகிறேன், சம்மதமா என்று போன வாரம் மூட்டத்தில் வைத்து அவரிடம் கேட்டேன். நல்லபடியாக எழுதுவேன், குடியை விட்டவர் என்று முடிப்பேன் என்றும் சொன்னேன். அவர் மண் அப்பிக்கொண்டே யோசித்தார். அப்படி ஒரேயடியாக முடிக்க வேண்டாம் என்றார்.

“நாளைக்கு நான் எப்பிடியோ, யாரு கண்டா? எழுதுனா தேதி போட்டு எழுதுங்க டீச்சர்.”

இன்று புரட்டாசி பன்னிரண்டாம் தேதி. அழகுராஜா குடிக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.